பிள்ளையார் படத்தில் தொங்கிய பென் டிரைவ்

யோசெப்பின்,

இதை நேரில் சொல்லலாம் என்றால் நீ நீர்கொழும்பில் இருக்கிறாய். ரெலிபோனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் ஒரு அறைதான் என்று உனக்குத் தெரியும். அம்மா இப்போது நல்ல நித்திரை. நான் குசினி லைட்டைப் போட்டுக்கொண்டு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சோதனை முடிந்த பிறகு இந்தக் கொப்பிக்கு வந்த முதல் வேலை இதுதான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் பொலிசுக்குப் போகவேண்டும். நீ பயப்படாதே. பயப்படுவதற்கு நான் இருக்கிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அம்மா வரவேற்பு மேசையில் வேலை செய்யும் ஹோட்டலுக்கு நீ வந்ததில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்கு நாலு வீடு முன்னால் இருக்கிறது. பெயர் சுந்தர மஹால். மேலே இருபத்திரண்டு அறைகள், கீழே ஒரு கல்யாண மண்டபம். சண்டையால் பாதை பூட்டி, கனடா, லண்டன் மாப்பிள்ளைமார் யாழ்ப்பாணம் போகமுடியாத காலம் இது. அதனால் பெண்வீட்டுக்காரர் எல்லாரும் கப்பல் ஏறி, பஸ் ஏறி இங்கே வந்து கல்யாணம் செய்கிறார்கள். ரயில் போகும்போது மண்டபத்துச் சரவிளக்கு கிலுகிலு என்று ஆடும். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, ரயில் போனபிறகு விட்ட இடத்தில் இருந்து தொடங்குவார்.

முதலாளி சிவபாதசுந்தரம் அங்கிள். அவருடைய மனைவி கௌரி அன்ரி. அங்கிள் நல்லவர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். இரண்டு மாதத்துக்கு முன் டொரொன்டோவில் இருந்து அவருடைய மருமகன் வந்து ஒரு கொம்பியூட்டரை மேசையில் வைத்து, அறைகள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு அங்கிள் கடதாசிக்கு எதிரியாகிவிட்டார். வருகிறவர்களின் பெயரை அம்மா கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதும் பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தினார். பழைய புத்தகங்களை எல்லாம் ஒழுங்கை முனையில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாள் நான் வாங்கிய வடை, அறை பதினொன்றில் தங்கிய ஒரு டொக்டரின் பெயரில் சுற்றி வந்தது.

மருமகன் போகும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனாராம். பாஸ்வேர்டை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வெள்ளியும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் கொப்பி எடுத்து, பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும்.

பாஸ்வேர்டை அங்கிள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறந்துபோகும் என்று ஒரு துண்டில் எழுதித் திரையின் மேல் மூலையில் ஒட்டிவைத்தார். அவருடைய கார் நம்பர்.

பென் டிரைவுக்குப் பாதுகாப்பான இடம் எது என்று அவரும் அன்ரியும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். கடைசியில் மேசைக்குப் பின்னால் சிவப்பு பல்ப் எரியும் பிள்ளையார் படத்தின் ஆணியிலேயே கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கே இருந்து யார் எடுக்கப்போகிறான்?

இனி, நான் செய்த வேலை.

எங்கள் பங்குத் திருநாளுக்குப் பாட்டுக் குழுவில் புதுப் பாட்டுகள் பழகுகிறோம் என்று சொன்னேனே. கொட்டாஞ்சேனையில் ஒரு நெட் கஃபேயில் அவற்றை என் பென் டிரைவில் ஏற்றினேன். எல்லாருக்கும் சிடி அடித்துக் கொடுக்கவேண்டும். சிடி எழுதும் கொம்பியூட்டர் எனக்குத் தெரிந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு பின்னேரம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அம்மா மேலே யாருக்கோ துவாய் கொடுக்கப் போன நேரம், நான் மெதுவாகப் பென் டிரைவைச் செருகினேன். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஓகே அமத்தினேன். திரும்பவும் கேட்டது. திரும்பவும் ஓகே. எது கேட்டாலும் ஓகே அமத்துவதுதான் நான் படித்த கொம்பியூட்டர். ஏழு சிடி அடித்தேன். அம்மா இறங்கி வரமுதல் எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை சிடிகளைப் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பவும் அம்மாவோடு போனேன். அம்மா கல்யாண லிஸ்டைத் திறந்தார். அதில் பெயர்கள் இல்லை. என்னவோ ஒரே ஒரு வரி, புரியாத எழுத்தில். அடுத்த பைலைத் திறந்தார். அதே வரி. அறைக் கணக்கு, போன மாதக் கல்யாணங்கள், வரும் மாதக் கல்யாணங்கள் எல்லாமே அதே வரி.

அம்மாவின் கை மவுசிலேயே நின்றது.

அந்த லிஸ்ட் ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். புதன்கிழமை அருந்ததி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவளும் அவளுடைய அப்பா நமசிவாயமும் உட்பட நாற்பத்தாறு பேர் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் வருகிறார்கள். யாருக்குக் கப்பல் டிக்கற் கிடைத்தது, யாருக்கு எந்த அறை, அடையாள அட்டை இலக்கம் என்ன என்பதை எல்லாம் நமசிவாயம் ஐயா மூன்று இரவு ரெலிபோனில் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அம்மா நேரே கொம்பியூட்டரில் அடித்தார். லைன் பத்துத் தரம் அறுந்தது. இப்போது அவர்கள் எல்லாரும் கடலில். கடலுக்கு யார் ரெலிபோன் எடுப்பது?

அறை மாறினால் பரவாயில்லை, ஒருவரோடு ஒருவர் கதைத்துச் சரிசெய்யலாம். பெயர் அப்படி இல்லை. போன வருஷம் ஜூன் மாதம் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது உனக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அங்கிள் கல்யாணத்துக்கு வருகிறவர்களின் பெயரை ஒரு கிழமைக்கு முன்னாலேயே பொலிசுக்குக் கொடுத்துவிடுவார். வந்தபிறகு, வந்தவர்களின் பெயரைத் திரும்பவும் கொடுக்கவேண்டும். முதல் கொடுத்ததற்கும் பிறகு கொடுப்பதற்கும் ஒரு பெயர் வித்தியாசம் வந்தாலும் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் விசாரிப்பார்கள். கல்யாண வீட்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும்? லிஸ்ட் இல்லாமல், முதல் என்ன கொடுத்தோம் என்று எப்படி ஒத்துப்பார்ப்பது?

தெஹிவளையில் இருந்து அலவி நானா வந்தார். கொம்பியூட்டர் திருத்துகிறவர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். முதலில் பார்த்தது அந்தத் துண்டைத்தான்.

"என்ன அங்கிள், பாஸ்வேர்ட வெளியால ஒட்டி வெச்சிரிக்கீங்க? வாசல் போர்ட்லயும் எழுதி உட்டா லேசுதானே."

"எனக்கு மறந்துபோகும் அலவி."

"ஒங்களுக்கு மறந்தா பரவால்ல. கள்ளனுக்கு ஞாபகம் ஈக்கும்."

அரை மணித்தியாலம் தட்டினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"வைரஸ் ஒண்டு. வெளியால ஈந்து வந்த பென் டிரைவ்ல வந்தீக்கு. இது மாசத்துல ஒரு நாள் முழிச்சி எல்லா பைலையும் திண்டுட்டு திரும்பப் படுக்குற சாதி. யாரோ சரியா சாப்பாட்டு நேரம் பாத்து உள்ளுக்கு எடுத்தீக்கிறாங்க."

அங்கிள் சுற்றிப் பார்த்தார். மேசையில் அம்மா. கதிரையில் அன்ரி. படிக்கட்டுப் பக்கம் நான், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பைக்குள் ஒரு சிடி மிச்சம் இருந்தது.

"ஆர் வெளிச் சாமான் போட்டது?"

யோசெப்பின், சத்தியமாக நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதற்குமுன் அம்மா சொல்லிவிட்டார்.

"நான்தான் சேர்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிறு இரவே என் பையில் சிடிகளைக் கண்டிருக்கிறார்.

அங்கிள் மெல்லச் சொன்னார். "புளோறன்ஸ், எட்டு வருஷமா இருக்கிறீர். நான் ஒண்டுதான் சொன்னனான். வெளிச் சாமானைப் போடுற ஆள் இந்த மேசையில இருக்கேலாது எண்டு. கலியாணம் முடியட்டும். பிறகு கதைப்பம்."

அந்த "பிறகு கதைப்பம்" தான் நாலு நாளாக என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவின் வேலை போனால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

"கொப்பி ஈக்குதானே?" என்றார் அலவி நானா. "டொரொன்டோ தம்பி வெச்சிட்டுப் போனாரே."

எல்லாருடைய முகமும் பிள்ளையாரைப் பார்த்தது. அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறி, கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பென் டிரைவைக் கொண்டுவந்தார். அலவி நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தார்.

"அன்ரி, இது என்ன?"

"சந்தனம், தம்பி."

"உள்ளுக்குமா?"

"வெள்ளிக்கிழமை பூசை முடிய எல்லா மெசினுக்கும் பூசுறனான். பேக்ஸுக்கு, பிரிட்ஜுக்கு, கொம்பியூட்டருக்கு. உதுக்கு மட்டும் பூசாம விடலாமே? பிள்ளையாரிட்ட இருக்கிற சாமான்."

"எத்தன வெள்ளி?"

அன்ரி விரலை மடித்து எண்ணினார். "எட்டு."

பென் டிரைவின் வாய் கல்யாண வீட்டு வாழைப்பழம் மாதிரி மஞ்சளாக அடைத்திருந்தது. மேலே ஒரு குங்குமப் பொட்டு. வெள்ளிக்கு வெள்ளி அங்கிள் வாயைத் துடைத்துத்தான் கொப்பி எடுத்திருக்கிறார், போன வெள்ளிச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. அலவி நானா ஊசியால் சுரண்டினார், ஊதினார், பல் தீட்டும் பிரஷ் கேட்டு வாங்கித் தேய்த்தார். நல்ல வாசம் வந்தது. பைல் வரவில்லை.

"இந்தக் கொப்பிக்கு ஒரு வைரஸும் கிட்ட வராது" என்றார். "நாங்களும் கிட்டப் போகேலாது."

அங்கிள் அன்ரியைப் பார்த்தார். அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாக அடக்கினால் விக்கல் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விக்கல் சத்தத்துக்கு நடுவில் அம்மா சொன்னார். "இன்னொரு கொப்பி இருக்கு சேர்."

"எங்க?"

"பொலிசில."

உண்மைதான். போன கிழமை அம்மா லிஸ்டை ஒரே ஒரு தரம் பிரிண்ட் எடுத்தார். அறை இலக்கத்தோடு, அடையாள அட்டை இலக்கத்தோடு. அங்கிளே அதைக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தார். கடதாசி வேண்டாம் என்றதால் இங்கே ஒன்று வைக்கவில்லை.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். அங்கிளுக்கு உடனே பிரஷர் ஞாபகம் வந்தது. அன்ரிக்கு அடுப்பில் பால் இருந்தது, அடுப்பு மூட்டியிருக்கவில்லை என்றாலும். சமையல்காரர் யாரும் கேட்கமுதலே "எனக்குச் சிங்களம் வராது" என்று குசினிக்குள் இருந்து சத்தம் போட்டார். அவர் மீன்காரனோடு சிங்களத்தில் தினமும் சண்டை பிடிக்கிறவர். அலவி நானா, "பைக்ல கொண்டு போய் வாசல்ல உடுறன். உள்ளுக்குப் போற பழக்கம் நமக்கில்ல" என்றார்.

தமிழர் யாராவது கூப்பிடாமலே பொலிசுக்குப் போய், தமிழரின் பெயர் லிஸ்டைத் தாருங்கள் என்று கேட்டதாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? நானும் இல்லை.

அம்மா கைப்பையை எடுத்தார். அப்போதுதான் என் குரல் வந்தது.

"நான் போறன்."

"சும்மா இரு பிள்ளை" என்றார் அம்மா.

"என்ட ஐடென்டிக் கார்ட்ல கொட்டாஞ்சேனை எண்டுதான் இருக்கு, யாழ்ப்பாணம் எண்டு இல்ல. சிங்களமும் நல்லா வரும். ஸ்கூல்ல பேச்சுப் போட்டில ரெண்டாவது வந்தனான்."

அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க போய்க் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லவேணும், என்ன?"

"நானல்லோ அங்கிள் கேக்கப்போறன்."

அம்மா என் பின்னால் வாசல்வரை வந்து தலைமயிரைச் சரிசெய்து விட்டார். "நீ இதச் செய்யத் தேவையில்ல" என்று காதுக்குள் சொன்னார். தேவை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது கொச்சிக்கடை அந்தோனியாரை நினைத்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். கொம்பியூட்டருக்குள் காணாமல் போனதும் அவருடைய கணக்கில் வருமா என்று தெரியவில்லை. வந்தால் ஏழு மெழுகுதிரி என்று நேர்ந்தேன். சிடிக்கு ஒன்று.

பொலிஸ் வாசலில் ஒரு பெண் பொலிஸ் என் பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தங்கை என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் இரக்கமாகக் கேட்டார்.

"யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நங்கி?"

"ஒருவரையும் இல்லை. எங்கள் ஹோட்டல் லிஸ்டை வாங்க வந்தேன்."

"கொடுக்க வந்தாயா?"

"இல்லை. திரும்ப வாங்க."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஒருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் நான் சொன்னதைத் தங்களுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பின்பக்கத்து அறை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

யோசெப்பின், அந்த அறையில் என்ன இருந்தது தெரியுமா? பைல்கள். கூரைவரை பைல்கள். ஒவ்வொரு லொட்ஜுக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிற நூல். நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கொஸ்தாப்பல். பெயர் குணதாச; நான் மாத்தயா, அதாவது ஐயா, என்றே கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். பசை டப்பாவையும் துளை போடும் மெசினையும் நேர்கோட்டில் வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பழைய லிஸ்ட் வேண்டுமா? என்னிடம்?"

"ஓவ், அதுதான்" என்றேன்.

"நாலு வருஷமாக நான் இதைக் கட்டி அடுக்குகிறேன். கொண்டுவந்து போடுகிறார்கள். ஒருவன்கூட வந்து ஒரு கடதாசியை எடுத்துத் தா என்று கேட்டதில்லை." வாசலில் நின்ற மற்ற இருவரையும் பார்த்து, "பார்த்தீர்களா? பழைய கடதாசிக் கடை என்று சிரித்தீர்களே?" என்றார்.

நீல நூல் தட்டுக்குப் போனார். பார்க்காமலே கையை விட்டு இழுத்தார். சுந்தர மஹால். அருந்ததி கல்யாணம். நாற்பத்தாறு பெயர், அறையோடு. அம்மா அடித்த அதே கடதாசி. ஒரு மூலையும் மடங்கியிருக்கவில்லை.

எனக்கு அவருடைய கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆனால் அவர் சும்மா தரவில்லை. ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். சிங்களத்தில் எழுதினேன். சிவப்புப் பேனையால் மூன்று பிழை திருத்தினார். ரெண்டாவது பரிசு என்று நான் சொல்லாமல் விட்டது நல்லது. பிறகு லிஸ்டைப் போட்டோக் கொப்பி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சீல் குத்தி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"ஏன் உங்களிடம் ஒரு பிரதி இல்லை?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். வைரஸ், பென் டிரைவ், சந்தனம், எட்டு வெள்ளி. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கட்டிடத்துக்குள் அப்படி ஒரு சிரிப்புக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"கல்யாணத்தில் என்ன சாப்பாடு?" என்றார்.

"வடை, பாயசம், எல்லாம் இருக்கும். நீங்களும் வாருங்கள்."

மரியாதைக்குச் சொன்னேன். அவர் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்து இளநீர்க் கடையில் அலவி நானா நின்றார். எனக்காகக் காத்திருந்த நேரத்தில் பயத்தில் மூன்று இளநீர் குடித்திருந்தார். கடதாசியைத் தூக்கிக் காட்டினேன். நடு ரோட்டிலேயே ஹோர்ன் அடித்தார்.

அன்று பின்னேரமே அம்மா கார்பன் கடதாசி வாங்குவித்து, லிஸ்டை மூன்று பிரதி கையால் எழுதினார். அங்கிள் பக்கத்தில் நின்று கார்பனை மாற்றிக் கொடுத்தார்.

செவ்வாய் இரவு பஸ் வந்தது. நாற்பத்தாறு பேரும் கடலும் ரோட்டும் குலுக்கிப்போட்ட கோலத்தில் இறங்கினார்கள். நமசிவாயம் ஐயா வாசலில் நின்று, "அறை எல்லாம் நான் சொன்ன மாதிரித்தானே?" என்று கேட்டார். அம்மா கடதாசியைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அறைத் திறப்பாகக் கொக்கியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். "கனக்கப் படி ஏறேலாத நாரி வருத்தக்காரருக்கு முதல் மாடி எண்டு சொன்னீங்கள். இந்தாங்கோ." அவர் அங்கிளிடம் திரும்பி, "கொம்பியூட்டர் எண்டா கொம்பியூட்டர்தான்" என்றார். அங்கிள் இருமினார்.

புதன்கிழமை முகூர்த்தம். ஒரு ரயில் போய், மந்திரம் திரும்பத் தொடங்கி, தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் இருக்கிற நேரம். மண்டப வாசலில் காக்கிச் சட்டை.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரருக்கு மட்டும் தெரியாமல் இன்னும் இரண்டு அடி அடித்தார். யாரும் கேட்கமுதலே நாற்பத்தாறு கைகள் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குள்ளும் கைப்பைக்குள்ளும் போய், நாற்பத்தாறு அடையாள அட்டைகளோடு வெளியே வந்தன. சிலருடைய மற்றக் கையில் மணமக்களுக்குத் தூவ எடுத்த அறுகரிசி இன்னும் இருந்தது.

குணதாச மாத்தயா. கக்கத்தில் நீல நூல் கட்டிய பைல்.

நான் ஓடிப்போனேன். அவர் என்னைக் கண்டதும் கூச்சத்தோடு சிங்களத்தில் சொன்னார். "சும்மா வரமுடியாதே, நங்கி. டியூட்டியில் இருக்கிறேன். அதனால் பெயர் சரிபார்க்க வந்ததாக எழுதிவிட்டு வந்தேன். அட்டை ஒன்றும் வேண்டாம். பெயரை மட்டும் வாசிக்கிறேன்."

அவர் வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயரே சிவஞானசுந்தரலிங்கம். மூன்று இடத்தில் மூச்சு எடுத்தார். பின் வரிசையில் இருந்து ஒரு குரல் நடுங்கிக்கொண்டு "ஓம்" என்றது. அடுத்த பெயர். அடுத்த "ஓம்". ஐந்தாவது பெயரில் அவர் நன்றாகத் தடுக்கி விழ, ஒரு சின்னப் பிள்ளை சிரித்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். அதோடு மண்டபம் இளகிவிட்டது. பத்தாவது பெயருக்குப் பிறகு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் பெயர் வரமுதலே இரண்டு தரம் "ஓம்" சொன்னார்.

"அருந்ததி நமசிவாயம்."

மணவறையில் இருந்து மருதாணிக் கை ஒன்று மேலே போனது. "ஓம்!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை தன் பெயரும் வரும் என்று கடைசிவரை காத்திருந்தார். அவர் கனடாக்காரர், வேறு ஹோட்டல் லிஸ்ட்.

"நாற்பத்தாறும் சரி" என்று குணதாச மாத்தயா பைலை மூடினார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். "நாலு வருஷமாகப் பெயரைத்தான் பார்க்கிறேன். ஆட்களை இன்றைக்குத்தான் பார்த்தேன்." அவரைப் பந்தியில் இருத்தினேன். வாழையிலையில் இன்னொரு வடை வைத்தேன். நாதஸ்வரம் விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது.

இன்று வியாழன். காலையில் அங்கிள் கூப்பிட்டார். "புளோறன்ஸ், அண்டைக்குச் சொன்ன கதை."

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "அம்மா இல்ல அங்கிள். என்ட பென் டிரைவ். பாட்டு சிடி அடிச்சனான். அம்மாவுக்கு அப்ப தெரியாது. வெளிச் சாமான் போட்ட ஆள் இந்த மேசையில இருக்கேலாது எண்டு சொன்னீங்கள்தானே. நான் இந்த மேசையில இருக்கிறதில்ல."

அம்மா என் கையைக் கிள்ளினார். நல்லாக நொந்தது. அங்கிள் வாயைத் திறக்க, அன்ரி உள்ளே இருந்து வந்தார்.

"பிள்ளையை ஏசுறதெண்டா என்னையும் சேர்த்து ஏசுங்கோ. கொப்பிக்குச் சந்தனம் பூசினது நான்."

அங்கிள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் ஒட்டியிருந்த துண்டையும் பார்த்தார். அதை மெதுவாக உரித்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஒருத்தி வைரஸ் போட்டா. ஒருத்தி சந்தனம் போட்டா. நான் கார்பன் புத்தகத்தை வடைக்குக் குடுத்தனான். இதில ஆரை நான் வீட்டுக்கு அனுப்புறது?"

"ஒருத்தரையும் இல்ல" என்றார் அன்ரி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூசைக்கு ஆள் வேணும்."

அங்கிள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அம்மாவிடம், "நீர் உம்மட கதிரையில இரும், புளோறன்ஸ். நீர் இல்லாட்டி அந்தக் கொப்பி எங்க இருக்கெண்டு எங்களுக்கு ஆர் சொல்லியிருப்பினம்?" என்றார்.

அம்மா இருந்தார். கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் அதை மறக்கமாட்டேன்.

எனக்குத் தண்டனை இருக்கிறது. இனி ஒவ்வொரு வெள்ளியும் லிஸ்ட் இரண்டு பிரதி பொலிசுக்குப் போகும். ஒன்றை அங்கே கொடுத்து, மற்றதில் சீல் குத்தித் திரும்பக் கொண்டுவரவேண்டும். கொண்டுபோகும் ஆள் நான். நாளைதான் முதல் நாள். குணதாச மாத்தயா சிரித்தாலும் அந்த வாசல் அந்த வாசல்தான். அம்மா என் பையில் ஒரு அந்தோனியார் பதக்கம் வைத்திருக்கிறார். அன்ரி வடைப் பார்சல் ஒன்று தருவாராம்.

புதுப் பென் டிரைவும் வந்துவிட்டது. அலவி நானா அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிப் பிள்ளையாருக்குக் கீழே வைத்திருக்கிறார். டின்னுக்குச் சந்தனம் பூசலாமா என்று அன்ரி கேட்டார். "டின்னுக்கு எவ்வளவு வேணும்டாலும் பூசுங்க" என்றார் அலவி நானா.

போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார். "புள்ள, அந்த சிடி எல்லாம் எங்க? அதுக்குள்ளயும் அந்தச் சாமான் ஈக்கும்." நான் ஐந்தை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிவிட்டேன். ஒன்று என்னிடம்.

ஏழாவது உனக்கு. திங்கட்கிழமை காலை, ஒன்றும் தெரியமுதலே, தபாலில் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு இது மட்டும் தெரியாது. நீ பங்கு அலுவலகக் கொம்பியூட்டரில்தானே பாட்டுக் கேட்பாய். உங்கள் பங்கின் ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாம் அதில்தானே இருக்கிறது.

ஆகவே நாளை பொலிசுக்குப் போகிற வழியில் உனக்கு ரெலிபோன் எடுப்பேன். "அந்த சிடியைப் போடாதே" என்று மட்டும் சொல்வேன். பக்கத்தில் அம்மா நிற்பார், ஏன் என்று கேட்காதே. ஏன் என்பது இந்தக் கொப்பியில் இருக்கிறது.

செலீன்